கரூரில் ஒரு காலியிடம்

பிப்ரவரி 3, திங்கள்

சென்னைக் கம்பெனியின் பட்டியலில் என் பெயர் இல்லை. வாசுகியின் பெயர் இருந்தது. குழு விவாதத்தில் நான் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. விடுதி அறைக்கு வந்த வாசுகி எனக்காகத் தன் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, துவைத்த துணிகளை ரொம்ப நேரம் மடித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் பிரின்சி மேடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நேர்முகத் தேர்விலும் என்ன கேட்டார்கள், நாம் என்ன சொன்னோம் என்று தேதி போட்டு எழுதி வைத்தால் அடுத்ததற்கு உதவுமாம். அதற்காகத்தான் இந்த நோட்டு. எம்.காம். முடிய இன்னும் ஒரு செமஸ்டர்கூட முழுதாக இல்லை. அதற்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால் நல்லது.

மாலையில் பிளேஸ்மென்ட் சார் கூப்பிட்டு ஒரு நம்பர் கொடுத்தார். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் கம்பெனி, அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேண்டுமாம். முன்அனுபவம் கேட்கவில்லை. "சின்ன கம்பெனிதான்மா. ஓனர் நல்ல மனுஷர். போய்ப் பாரு ஜெனோவா" என்றார்.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். ஸ்டெல்லா அக்காவுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. அம்மா மணப்பாறையில் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். "அப்பறம் பேசுறேன்டி, இங்க ஒரே சத்தம்" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

திருச்சியில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கரூர் போனேன். வெறும் வயிற்றோடு போனால்தான் பஸ்ஸில் எனக்குக் குமட்டாது.

ஊருக்கு வெளியே பெரிய தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாக பஸ்களின் எலும்புக்கூடுகள். ஜன்னல் இல்லை, சீட் இல்லை, கம்பிகள் மட்டும். எல்லாவற்றின் மேலும் யாரோ ஏறி நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையின் ஒரு மூலையில் இரும்புப் படி ஏறினால் கண்ணாடித் தடுப்பு வைத்த ஆபீஸ். கதவைச் சாத்தியதும் அடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல ஆகிவிட்டது.

ஓனர் பெயர் அர்த்தநாரி. அறுபது வயது இருக்கும். சட்டைப் பையில் பெயிண்ட் கறை. என் சான்றிதழ்களைப் பார்க்கக்கூட இல்லை, நேராகக் கேள்விக்கு வந்துவிட்டார்.

"பார்ட்டி சேஸிஸ் கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்க. நாம பாடி கட்டிக் குடுக்கறோம். நாம விக்கறது பொருளா, சேவையா?"

"சேஸிஸ் அவங்களோடதுன்னா அது ஜாப் ஒர்க் சார். சேவைதான். நாமளே சேஸிஸ் வாங்கிக் கட்டி வித்தா அது வண்டி, பொருள்."

அவர் தலையாட்டினார். தேய்மானம் கேட்டார், டி.டி.எஸ். கேட்டார். பிறகு ஒரு வவுச்சரைக் கொடுத்து டாலி சாஃப்ட்வேரில் போடச் சொன்னார். மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தேன். போட்டு முடித்து, வவுச்சரின் ஓரத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தபோது அறையில் பேச்சே இல்லை என்பது உறைத்தது. நிமிர்ந்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கையாலதான் எழுதுவியா அம்மிணி?"

"ஆமா சார். சின்ன வயசுலேர்ந்து."

அவர் எழுந்து வெளியே போய் ஃபோனில் யாரிடமோ பேசினார். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா படியேறி வந்தார். கொட்டகைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. சாரின் மனைவி, தங்கமணி. உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை வாரி நாளாகியிருக்கும் போலிருந்தது. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலைல சாப்புட்டியா கண்ணு?"

சாப்பிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. திரும்பிப் போய் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொண்டுவந்தார். நேர்முகத் தேர்வில் இட்லி சாப்பிட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஒன்று தோன்றியது. எங்கள் லேபில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் நான் முதலில் மௌஸை எடுத்து இடப்பக்கம் வைப்பேன். இன்று அப்படிச் செய்த ஞாபகம் இல்லை. அது முன்பே அங்கேதான் இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

அம்மா திரும்பக் கூப்பிடவில்லை. வளைகாப்பு வேலை.

பிப்ரவரி 12, புதன்

அர்த்தநாரி சார் கூப்பிட்டார். சனிக்கிழமை இன்னொரு தடவை வரச் சொன்னார், இந்தமுறை வீட்டுக்கு. மதியச் சாப்பாடு அங்கேயே என்றார்.

வாசுகிக்கு இது பிடிக்கவில்லை. "பஸ் கட்டுற கம்பெனிக்கு எதுக்குடி ரெண்டாவது ரவுண்டு? அதுவும் வீட்டுல, சோறு போட்டு?"

சின்ன ஊர்களில் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் மெட்ராஸ்காரி.

பிப்ரவரி 15, சனி

கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. உள்ளே நுழைந்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண், என் வயது.

அர்த்தநாரி சார் சுற்றி வளைக்காமல் சொன்னார். "எம் பொண்ணு மிருதுளா. பி.காம். முடிச்சுட்டு ஆடிட்டர் பரீட்சைக்குப் படிச்சுட்டு இருந்தா. நம்ம கணக்கெல்லாம் அவதான் பாத்தா. போன வருசம் பங்குனில காய்ச்சல்னு படுத்தா அம்மிணி. அப்பறம் எந்திரிக்கல." பிறகு, "அவளும் இடது கைதான்" என்றார்.

நான் படத்தை உற்றுப் பார்த்தேன். அவள் சாயல் எனக்குத் துளிகூட இல்லை. அவள் முகம் வட்டம். கன்னத்தில் குழி. நான் ஒல்லி, மூக்கு பெரிசு. அதைப் பார்த்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

சாப்பாட்டுக்கு முன்னால் தங்கமணி அம்மா என்னைக் கேட்ட கேள்விகளை எழுதவேண்டும், இதற்காகத்தானே நோட்டு. தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறாய். தூக்கத்தில் பேசுவாயா. தயிர்சாதத்துக்கு மாதுளை பிடிக்குமா, திராட்சையா. இடிச் சத்தத்துக்குப் பயமா. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மாதுளை என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு ஏதோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல இருந்தது. உண்மையில் இரண்டையும் நான் தயிர்சாதத்தில் போட்டுச் சாப்பிட்டதில்லை.

கை கழுவும் இடத்தில் அர்த்தநாரி சார் தணிந்த குரலில் சொன்னார்: "உனக்கு முன்னால நாலஞ்சு பேரு வந்தாங்க. எல்லாத்துகிட்டயும் கேள்வி கேட்டு அனுப்பிட்டேன். உன்னையப் பாத்துட்டுத்தான் இவள வரச் சொன்னேன். வீட்டை விட்டு அவ வெளிய வந்து மாசக்கணக்காச்சு. அன்னைக்குப் படியேறி வந்தா பாரு."

படிப்பு முடியும்வரை சனிக்கிழமைகளில் வந்து வேலை பழகட்டும், ஏப்ரலில் முழுநேரமாகச் சேரலாம் என்று பேசி முடித்தோம். தங்குவதற்கு வெளியே அறை பார்க்கவேண்டாம், வீட்டிலேயே அறை இருக்கிறது என்றார் தங்கமணி அம்மா. எந்த அறை என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். நான் வேதக்காரப் பெண் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவங்க ஆள் தேடுறது கணக்கு எழுத இல்லடி" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னேன். பொருளா, சேவையா என்ற கேள்விக்கு எங்கள் வகுப்பில் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்பார்கள்.

பிப்ரவரி 22, சனி

முதல் வேலைநாள். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை. கம்பெனிப் புத்தகத்தில் இருப்பதும் வங்கி அனுப்பியதும் பொருந்துகிறதா என்று வரிவரியாகப் பார்க்கவேண்டும். எனக்குப் பிடித்த வேலை. காலையிலிருந்து மதியம்வரை தலை நிமிரவில்லை.

டாலியில் உள்ளே போகப் பயன்படுத்தும் பெயர் 'மிது'. எனக்கென்று தனியாக ஒன்று உண்டாக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "அதுலயே போடு அம்மிணி. எதுக்கு ரெண்டு" என்றார் சார்.

மதியம் கொட்டகையில் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஜன்னல் பக்கம் போனேன். கீழே பெயிண்டர் ஒருவர் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது கேட்டது. "மேல லைட்டு எரியறதப் பாத்து, பாப்பா வந்துருச்சாட்ட இருக்குதுன்னு ஒரு நிமிசம் மேலு சிலுத்துப் போச்சு."

ஜன்னலை விட்டு வந்துவிட்டேன்.

நாலு மணி சுமாருக்கு மேஜையிலிருந்த இன்டர்காம் அடித்தது. எடுத்தேன். "மிது, காப்பி ஆறுது" என்றது தங்கமணி அம்மாவின் குரல்.

"வர்றேம்மா" என்றேன்.

ஃபோனை வைத்த பிறகுதான் கவனித்தேன். போய்த் திருத்தலாம் என்று நினைத்தேன். காபியில் அவர் எனக்குத் தனியாக நாட்டுச்சர்க்கரை போட்டிருந்தார். நன்றாக இருந்தது.

மார்ச் 1, சனி

தங்கமணி அம்மா தலை வாரிப் பூ வைத்திருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு சுடிதார் கொண்டுவந்தார். மயில் கழுத்து நிறம், கழுத்தில் கண்ணாடி வேலைப்பாடு. "பஸ்ஸுல வந்த துணியோட எதுக்கு நாளெல்லாம் உக்காந்திருக்கற. இதப் போட்டுக்க."

எனக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. மாலையில் கழற்றி வைத்துவிட்டு என் துணியைப் போட்டுக்கொண்டு வந்தேன். இனி இங்கே வந்தால் மாற்றிக்கொள்ள ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். இதில் எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

கல்லூரிக் கோயிலில் பூசை. ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசியபோது கண்ணை மூடினேன். அந்த அம்மாவின் நடுங்கும் விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மார்ச் 8, சனி

எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

சாப்பிட்ட பிறகு தலைவலி. முந்தின நாள் பரீட்சைக்குப் படித்த களைப்பு. தங்கமணி அம்மா, "போய்ச் செத்த நேரம் படு" என்று என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு அறைக்குள் விட்டார். அவளுடைய அறை. சுவரில் போன வருட நாட்காட்டி, பங்குனி மாதத்தில் நிற்கிறது. மேஜைமேல் ஆடிட்டர் பரீட்சைப் புத்தகம், நடுவில் பேனா வைத்து மூடியிருந்தது. கட்டிலில் விரிப்பு புதிது. தலையணை உறை பழசு.

படுக்கக்கூடாது என்றுதான் ஓரமாக உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கட்டிலில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு கை என் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது. தங்கமணி அம்மா தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், கிழக்குக் காட்டில் கிணறு வற்றிவிட்டது, மோட்டாரை மாற்றவேண்டும், உங்கப்பாருக்கு மறுபடி சர்க்கரை ஏறிவிட்டது, சொன்னால் கேட்பதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோலப் பேசினார். நடுநடுவே, "இல்லையா மிது" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

என் தலையை யாரும் அப்படிக் கோதியதில்லை. வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நான். அம்மாவுக்கு நேரம் எங்கே.

அவர் எழுந்து போகும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

சாப்பாட்டுக் கூடத்தில் வாசுகி தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னடி இது, கரூர்க்காரி மாதிரி 'எனக்கு வேண்டாமுங்க'ன்னு சொல்ற? யாருகிட்டப் பேசுற நீ?"

மெஸ் அக்காவிடம்தான் சொன்னேன். அப்படியா சொன்னேன்.

ராத்திரி தூக்கத்தில் கிணறு, மோட்டார் என்று ஏதோ உளறினேனாம். "அந்த வேலைக்குப் போகாத ஜெனோ. நான் கெஞ்சிக் கேக்குறேன்" என்றாள். வேறு வேலை நீ வாங்கித் தருகிறாயா என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக்கூடாது.

மார்ச் 15, சனி

ஸ்டெல்லா அக்காவுக்கு வளைகாப்பு. மணப்பாறைக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து தண்ணீர்க்குடம் தூக்கினேன், வந்தவர்களுக்கு இலை போட்டேன். இலை எடுத்து முடித்துப் பார்த்தபோது சோறு தீர்ந்திருந்தது. அம்மா மாடியில் அக்காவுக்குச் சுத்திப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் ஃபோன் அடித்தது. தங்கமணி அம்மா. "ஏன் மிது இன்னைக்கு வரல? உனக்குன்னு பணியாரம் சுட்டு வெச்சுருக்கறேன்."

புழக்கடையில் நின்று பேசினேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

யாரிடம் பேசுகிறாய் என்று தம்பி கேட்டான். அம்மாவிடம் என்று சொல்லிவிட்டேன். அவன் மாடியைப் பார்த்தான்.

மார்ச் 19, புதன்

மதியம் அர்த்தநாரி சார் கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை. "இந்தச் சனிக்கிழமை வர வேண்டாம் அம்மிணி. பாப்பாவுக்கு வருசத் திதி. ஐயர வரச் சொல்லியிருக்கறேன். சொந்தக்காரங்க வருவாங்க." சரி என்றேன். "அவகிட்ட இன்னும் சொல்லல" என்று தனக்குத் தானே சொல்வதுபோலச் சொல்லி வைத்துவிட்டார்.

மாலையில் தங்கமணி அம்மா கூப்பிட்டார். "சனிக்கிழமை நேரமே வந்துரு கண்ணு. உங்கப்பாரு ஐயர வரச் சொல்லியிருக்காராமா, பங்காளிக எல்லாத்தையும் கூப்புட்டிருக்காராமா. திதியாமா. யாருக்குத் திதி? மாடில உக்காந்து கணக்குப் பாத்துட்டு இருக்கறவளுக்கா? நீயே வந்து அவருகிட்டச் சொல்லு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நன்றாக, வாய்விட்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது.

மார்ச் 22, சனி

போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

வீட்டு வாசலில் செருப்புகள். பெண்கள் உள்ளறையில் கூடி உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் பலகை போட்டு, ஐயர் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுவரில் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. மாலை குப்பைக்கூடையில் கிடந்தது.

தங்கமணி அம்மா என்னைக் கண்டதும் அறைக்குள் அழைத்துப்போய் மயில்கழுத்துச் சுடிதாரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டேன். ஏன் போட்டுக்கொண்டேன் என்று இப்போது யோசிக்கிறேன். மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டும். அது எனக்கு வரவில்லை.

கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தார். எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"இதா நிக்கறா. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. எழவு வீடாட்டம் எதுக்கு வந்து குந்தியிருக்கறீங்க? சாமி, நீங்க எந்திரிங்க."

ஐயர் அர்த்தநாரி சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை ஏதோ கெஞ்சியது. பேசாதே என்று கெஞ்சியதா, பேசு என்று கெஞ்சியதா, எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு பாட்டையா மட்டும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"நான் ஜெனோவா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "என் பேரு ஜெனோவா. மணப்பாறை. இங்க வேலை கேட்டு வந்தேன்."

"சும்மா இரு மிது."

"நான் மிது இல்லம்மா."

"சும்மா இருங்கறேன்ல." பிடி இறுகியது. அவர் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

"மிது செத்துட்டாம்மா. போன வருசமே செத்துட்டா."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். உள்ளறையில் ஒரு பெண் மூச்சை இழுத்தாள். தங்கமணி அம்மா என் கையை விட்டார். என் முகத்தை, அன்று ஆபீஸ் கதவில் நின்று பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். என் மூக்கை, தாடையை, கழுத்தை. பார்வை கண்ணாடி வேலைப்பாட்டில் வந்து நின்றது.

"இது எம் பொண்ணோட துணி" என்றார். "நீ யாரு? உனக்கு யாரு குடுத்தது?"

"நீங்கதாம்மா."

"கழட்டு."

அறைக்குள் போய் மாற்றிக்கொண்டேன். அவசரத்தில் ஊக்கு குத்தி விரலில் ரத்தம் வந்தது. சுடிதாரை மடித்து வைக்கப் பீரோவைத் திறந்தேன். துணிகளுக்கு மேலே படம் குப்புறக் கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். கூடத்துக்குக் கொண்டுவந்து ஐயருக்கு முன்னால் பலகையில் சாய்த்து வைத்தேன். யாரும் தடுக்கவில்லை.

தங்கமணி அம்மா அதன் முன்னால் உட்கார்ந்தார். கன்னக் குழியின் மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு அவரிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கொட்டகையில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அர்த்தநாரி சார் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இன்னைக்குத்தான் அவ அழுவறா. எடுக்கறப்பகூட அழுவல அம்மிணி." சுவரைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னோடதுதான். அவ சோறு தின்னா போதும்னு இருந்துட்டேன். உனக்கு வேலை இருக்குது. வேலை வேலைதான். ஏப்ரல்ல வந்துரு."

"நான் வரலீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். முதல் நாள் என் பதிலைக் கேட்டு ஆட்டியதைப் போலவே.

மார்ச் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மணிக்கட்டில் நகக்குறி நீலமாக இருக்கிறது. வாசுகி எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவே கூப்பிட்டாள். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லி முடித்ததும் வைக்கப்போனாள்.

"அம்மா, அந்தக் கரூர் வேலைக்கு நான் போகல" என்றேன்.

"எந்தக் கரூர் வேலை?"

சொல்லியிருந்தேன். மறுபடியும் முழுவதும் சொன்னேன், பஸ் கம்பெனி, சனிக்கிழமை, எல்லாம். மிதுவைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா 'ம்' கொட்டினாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"ஏம்மா, நான் சாப்பிட்டனான்னு கேக்கமாட்டியா?"

"சாப்பிடாமயா இருப்ப, கழுத" என்றாள் அம்மா. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "ஏன்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். ஈஸ்டருக்கு வா என்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

தங்கமணி அம்மாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. நான் திரும்பக் கூப்பிடவில்லை. அதன் பிறகு வரவில்லை. அவர் எதற்காகக் கூப்பிட்டிருப்பார், யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று வகுப்பு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மெஸ்ஸில் தயிர்சாதம். மேலே போட்டுக்கொள்ள மாதுளை வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பயிற்சி உதவியாளர் வேலை. பிரின்சி மேடம் சொல்லி அனுப்பினார். நன்றாகத் தயார் செய்திருந்தேன். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

வெளியே பெஞ்சில் நாங்கள் ஐந்தாறு பெண்கள். எல்லோரும் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உதட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தோம். ஏ.சி. ஓடும் சத்தம்தான் கேட்டது. உள்ளேயிருந்து ஒரு அக்கா தாளோடு வந்து பெயர் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். யாரது, இவ்வளவு தூரம் வந்துவிட்டு எழுந்திருக்காமல் இருக்கிறாளே என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தேன்.

பக்கத்திலிருந்த பெண் என் ஃபைலின் மேலே எழுதியிருந்ததைக் குனிந்து படித்தாள்.

"ஜெனோவா நீங்கதானேங்க?" என்றாள்.